காய்ச்சலில் வரும் இரண்டு வேர்வை

சுகாதாரப் பாடம்: மூளைக்குள் கிருமி போனால் பிள்ளையின் மூச்சுக்கும் இதயத்துக்கும் என்ன நடக்கிறது?



காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு வேர்த்தால் நமக்கெல்லாம் ஒரு நிம்மதி வரும். "வேர்த்துக் கொட்டிருச்சி, இனிக் காய்ச்சல் விட்டிரும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். பெரும்பாலும் அது சரிதான். காய்ச்சல் இறங்கும்போது உடம்பு தன் சூட்டை வேர்வையாக வெளியே தள்ளுகிறது. பிள்ளை கண் திறந்து பார்க்கும். தண்ணி கேட்கும். கொஞ்ச நேரத்தில் தேத்தண்ணியும் ரொட்டியும் கேட்கும்.

ஆனால் இன்னொரு வேர்வையும் இருக்கிறது. அது சில்லென்ற வேர்வை. வேர்த்த பிறகும் பிள்ளை தெளியாது. கண் சொருகும். கையும் காலும் குளிர்ந்து போகும். நெஞ்சு படபடவென்று அடிக்கும். இது காய்ச்சல் விட்டதற்கு அடையாளமல்ல. மூளைக்குள் போன கிருமி, மூச்சையும் இதயத்தையும் நடத்துகின்ற நரம்புகளைத் தாக்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு அடையாளமாக இருக்கலாம்.

முதல் வேர்வைக்கு முகத்தைத் துடைத்து உடுப்பை மாற்றினால் போதும். இரண்டாவது வேர்வைக்கு "மத்தியானக் கொழுந்து நிறுத்துட்டுப் போவோம்" என்று காத்திருக்க நேரமில்லை. இந்த இரண்டையும் பிரித்து அறிவதுதான் இந்தப் பாடம்.

நாம் சொல்லாமலே நடக்கும் வேலை

கொழுந்து பறிக்கக் கையை நீட்ட வேண்டும் என்று நாம் நினைக்கிறோம், கை நீளுகிறது. இது நம் விருப்பப்படி நடக்கும் வேலை. ஆனால் இதயம் துடிப்பதற்கு நாம் உத்தரவு கொடுப்பதில்லை. தூங்கும்போதும் மூச்சு ஓடுகிறது. வெயிலில் வேர்க்கிறது, குளிரில் மயிர் சிலிர்க்கிறது. சாப்பிட்டது செரிக்கிறது. சிறுநீர்ப்பை நிறைந்ததும் தெரிகிறது. யாரும் கங்காணி வேலை பார்க்காமலே இவையெல்லாம் ஒழுங்காக நடக்கின்றன.

இந்த வேலைகளை நடத்தும் நரம்புகளுக்குத் தன்னாட்சி நரம்புத்தொகுதி என்று பெயர். தானே தன்னை ஆளுவதால் இந்தப் பெயர் வந்தது. இதில் இரண்டு பிரிவுகள் உண்டு. ஒன்று பரிவு நரம்புகள், மற்றது பரபரிவு நரம்புகள். மலைப் பாதையில் லொறி ஓட்டும் சாரதியை நினைத்துப் பாருங்கள். ஏற்றத்தில் எக்ஸிலேட்டரை மிதிக்கிறார், இறக்கத்தில் பிரேக்கை மிதிக்கிறார். பரிவு நரம்பு எக்ஸிலேட்டர் மாதிரி: இதயத்தை வேகமாக்கும், இரத்த அழுத்தத்தைக் கூட்டும், வேர்வையை வரவைக்கும், கை கால் தோலிலுள்ள இரத்தக் குழாய்களைச் சுருக்கும். பரபரிவு நரம்பு பிரேக் மாதிரி: இதயத்தை நிதானமாக்கும், செரிமானத்தை நடத்தும். இரண்டும் சமமாக இருந்தால் வண்டி பத்திரமாகப் போகும்.

அந்தச் சாரதி உட்கார்ந்திருக்கும் ஆசனம் எங்கே? பின் கழுத்துக்குச் சற்று மேலே, மூளையும் முள்ளந்தண்டு நரம்பும் சேரும் இடத்தில் இருக்கும் மூளைத்தண்டில்தான் அதன் முக்கிய பாகம் இருக்கிறது. பெரியவரின் கட்டை விரல் அளவுதான் இருக்கும். அந்தச் சின்ன இடத்தில்தான் மூச்சையும் இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் நடத்தும் மையங்கள் இருக்கின்றன.

கிருமி அங்கே போய்ச் சேர்ந்தால்

மூளையையும் அதைச் சுற்றியுள்ள உறையையும் பல கிருமிகள் தாக்கலாம். பற்றீரியாவால் வரும் மூளையுறைக் காய்ச்சல், காசநோய்க் கிருமி மூளைக்குப் போவதால் வருவது, நுளம்பு பரப்பும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல், விசர்நாய்க் கடியால் வரும் நோய், இன்னும் பல வைரசுகளால் வருவது என்று வகைகள் உண்டு. நாம் எல்லாவற்றையும் சேர்த்து "மூளைக் காய்ச்சல்" என்கிறோம்.

இவை தன்னாட்சி நரம்புகளை இரண்டு வழியாகக் கெடுக்கின்றன. முதல் வழி, மூளை வீங்குவது. மண்டையோடு விரியாது. உள்ளே அழுத்தம் கூடும்போது மூளைத்தண்டு நெரிபடும். அப்போது இரத்த அழுத்தம் ஏறும், நாடி மெதுவாகும், மூச்சு ஒழுங்கில்லாமல் விட்டு விட்டு வரும். காய்ச்சலில் நாடி வேகமாகத்தான் இருக்க வேண்டும். காய்ச்சல் பிள்ளை மயங்கிக் கிடக்க நாடி மெதுவாக அடித்தால் அது பெரிய ஆபத்து.

இரண்டாவது வழி, கிருமி நேராக மூளைத்தண்டிலேயே குடியேறுவது. இதைப் பற்றி உலகம் அதிகம் கற்றுக்கொண்டது, பிள்ளைகளுக்குச் சாதாரணமாக வருகின்ற ஒரு நோயிலிருந்து. அதுதான் கை, கால், வாய் நோய்.

1998இல் தாய்வான் கற்றுத்தந்த பாடம்

கை, கால், வாய் நோய் நமது பிள்ளை மடுவங்களிலும் வருவதுண்டு. இரண்டு நாள் காய்ச்சல், வாய்க்குள் புண், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சின்னச் சின்னக் கொப்புளம். ஒரு வாரம், பத்து நாளில் தானே மாறிவிடும். இதைப் பல வைரசுகள் உண்டாக்கும். பெரும்பாலானவை சாதுவானவை. அவற்றில் ஒன்று மட்டும் பொல்லாதது. அதன் பெயர் என்டெரோ வைரசு 71. முதன்முதலில் 1969இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கண்டெடுக்கப்பட்டது.

1997இல் மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் கை, கால், வாய் நோய் பரவிய சமயம் சிறு பிள்ளைகள் திடீர் திடீரென்று இறந்தார்கள். அடுத்த வருடம், 1998இல், தாய்வானில் பெருந்தொற்று வந்தது. அங்கே 1,29,106 பேருக்கு இந்த நோயும் இதை ஒத்த வாய்ப்புண் நோயும் வந்ததாகப் பதிவாயிற்று. அவர்களில் 405 பேருக்கு நோய் கடுமையாகியது. 78 பேர் இறந்தார்கள். அந்த 78 பேரில் 71 பேர் 5 வயதும் அதற்குக் குறைந்தவர்களும்.

கணக்கைச் சரியாகப் பாருங்கள். ஆயிரம் பிள்ளைகளுக்கு நோய் வந்தால் ஏறத்தாழ மூன்று பேருக்குத்தான் கடுமையாகியது. ஆகவே கொப்புளத்தைக் கண்டதும் பயந்து நடுங்க வேண்டியதில்லை. ஆனால் அந்த மூன்று பேர் யார் என்று நேரத்தோடு கண்டுபிடிக்க வேண்டும்.

இறந்த பிள்ளைகளுக்கு என்ன நடந்தது? 78 பேரில் 65 பேருக்கு நுரையீரலில் நீர் கட்டியிருந்தது அல்லது இரத்தம் கசிந்திருந்தது. முதலில் இது இதயத்தின் நோயாக இருக்குமோ என்று வைத்தியர்கள் ஐயப்பட்டார்கள். ஆனால் இறந்த பிள்ளைகளின் உடலைச் சோதித்தபோது அழற்சி இருந்தது இதயத் தசையில் அல்ல, மூளைத்தண்டில். நுரையீரல் நிறைந்து பிள்ளை மூச்சுக்குத் தவிக்கிறது; காரணமோ பின் கழுத்துக்கு மேலே இருக்கிறது!

எப்படி இது நடக்கிறது? மூளைத்தண்டு பழுதானதும் பரிவு நரம்புகளுக்குக் கட்டுப்பாடு போய்விடுகிறது. பிரேக் இல்லாத லொறி மாதிரி அவை முழு வேகத்தில் ஓடுகின்றன. உடம்பெங்கும் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. கை கால் குளிர்கிறது, வேர்வை கொட்டுகிறது, இரத்தத்தில் சீனி கூடுகிறது. இதயம் அளவுக்கு மீறி ஓடிக் களைத்துப்போகிறது. உடம்பின் மற்ற இடங்களிலிருந்து தள்ளப்பட்ட இரத்தம் நுரையீரலில் தேங்குகிறது. அதிலுள்ள நீர் மூச்சுப் பைகளுக்குள் கசிகிறது. வெளியே தண்ணீரில் விழாமலே பிள்ளை உள்ளுக்குள் மூழ்குகிறது.

அதே வருடம் அங்கே நரம்புக் கோளாறோடு வந்த 41 பிள்ளைகளை வைத்தியர்கள் கவனமாக ஆராய்ந்தார்கள். அவர்களில் 37 பேருக்கு மூளைத்தண்டைச் சேர்ந்த பகுதி பாதிக்கப்பட்டிருந்தது. திடுக்கிடலும் தள்ளாட்டமும் மட்டும் இருந்த பிள்ளைகள் பெரும்பாலும் நன்றாகத் தேறினார்கள். மூச்சும் இரத்த ஓட்டமும் கெட்ட நிலையை எட்டிய 7 பிள்ளைகளிலோ 5 பேர், அனுமதிக்கப்பட்ட 12 மணி நேரத்துக்குள் இறந்துபோனார்கள்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். திடுக்கிடும் கட்டத்தில் பிள்ளை ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். சில்லென்று வேர்க்கும் கட்டத்தில்தான் புறப்படுவது என்றால் பிந்திவிடலாம்.

நோய் ஏறும் படிகள்

முதற் படி: காய்ச்சல், வாய்ப்புண், கை கால் கொப்புளம். பிள்ளை அழும், சாப்பிட மறுக்கும். ஆனால் விளையாட்டில் கொஞ்சமாவது நாட்டம் இருக்கும். சில பிள்ளைகளுக்குக் கொப்புளம் மிகக் குறைவாக இருக்கும் அல்லது வராமலே போகும். ஆகவே கொப்புளம் குறைவு என்பதால் நோயும் குறைவு என்று எண்ண வேண்டாம்.

இரண்டாம் படி: கிருமி மூளையைத் தொட்டுவிட்டது. பெரும்பாலும் நோய் தொடங்கிய இரண்டாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில் இது வரும். கண் அயரும் நேரத்தில் பிள்ளை திடுக் திடுக்கென்று கை காலை உதறும். நடந்த பிள்ளை தள்ளாடும், உட்கார்ந்த பிள்ளை சாயும். கை நடுங்கும். திரும்பத் திரும்ப வாந்தி எடுக்கும். பகலிலும் தூங்கி வழியும். எழுப்பினால் ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி கண்ணை மூடும்.

மூன்றாம் படி: தன்னாட்சி நரம்புகள் குலைந்துவிட்டன. சில்லென்ற வேர்வை, குளிர்ந்த கை கால், தோலில் நீலமும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டான நிறம், மிக வேகமான நாடி, வேகமான மூச்சு. பிறகு உதடு நீலமாகும், வாயில் நுரை வரும். சிலருக்கு அது இளஞ்சிவப்பு நுரையாக இருக்கும். இந்தப் படியில் மணித்தியாலங்கள்தான் இருக்கின்றன.

நான்காம் படி: தேறுதல். இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

"பிள்ளை பயந்திருச்சி" என்று சொல்லும்போது

இரண்டாம் படியில் வரும் திடுக்கிடலை நம்மவர்கள் பலர் வேறு விதமாக எடுத்துக்கொள்வார்கள். "ஆத்துப் பக்கம் போய்ப் பயந்திருச்சி", "காத்துப் பட்டிருக்கு" என்பார்கள். நூல் கட்டவும் மந்திரிக்கவும் ஆள் தேடிப் போவார்கள். திருநீறு பூசுவதை நாம் குறை சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அதைப் பூசிக்கொள்ளலாம். ஆனால் அதற்காக ஓர் இரவு போய்விடக் கூடாது.

நல்ல சுகத்தோடு இருக்கும் பிள்ளையும் தூங்கப் போகும்போது ஒரு தரம், இரண்டு தரம் துள்ளும். அது இயல்பு. காய்ச்சல் இருக்கும்போது, கண் மூடிய ஒவ்வொரு தடவையும் துள்ளினால், துள்ளி விழித்து வீறிட்டு அழுதால், அது இயல்பல்ல. உடனே புறப்படுங்கள்.

இரண்டு வேர்வைக்கும் வித்தியாசம்

நல்ல வேர்வை: உடம்பு இளஞ்சூடாக இருக்கும். கையும் பாதமும் சூடாக இருக்கும். நாடியும் மூச்சும் நிதானமாகி வரும். பிள்ளை முகம் தெளியும், ஆளைப் பார்க்கும், குடிக்கும்.

கெட்ட வேர்வை: தோல் சில்லிட்டுப் பிசுபிசுக்கும். நெஞ்சும் வயிறும் கொதிக்க, கையும் பாதமும் மட்டும் ஐசாக இருப்பதும் உண்டு. நாடியும் மூச்சும் வேகமாகும். பிள்ளை மந்தமாக இருக்கும் அல்லது காரணமில்லாமல் துடிதுடிக்கும்.

நமது மலைப் பகுதிக் குளிரில் எந்தப் பிள்ளைக்கும் கை குளிரும், காய்ச்சல் ஏறும்போது நடுக்கத்திலும் குளிரும். அதனால் கையை மட்டும் தொட்டு முடிவு செய்யாமல், கீழே உள்ள மூன்று சோதனைகளையும் செய்து பாருங்கள். இவற்றுக்கு எந்தக் கருவியும் தேவையில்லை, செக்கன் முள் உள்ள மணிக்கூடோ ஒரு கைத்தொலைபேசியோ இருந்தால் போதும்.

1. நகச் சோதனை. பிள்ளையின் பெருவிரல் நகத்தை 3 செக்கன் அமுக்கிப் பிடித்து விடுங்கள். வெளுத்த நகம் உடனே சிவக்க வேண்டும். சிவக்க 3 செக்கனுக்கு மேல் எடுத்தால் இரத்த ஓட்டம் குறைந்திருக்கிறது.

2. மூச்சுச் சோதனை. பிள்ளை அழாமல் இருக்கும்போது வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 2 மாதத்துக்குக் குறைந்த சிசுவுக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 மாதம் முதல் ஒரு வயது நிரம்பும் வரை 50 அல்லது அதற்கு மேல், 1 வயது முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேகமான மூச்சு.

3. தெளிவுச் சோதனை. பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அம்மாவை அடையாளம் கண்டு பார்க்கிறதா? முலைப்பால் இழுக்கிறதா? கோப்பையை நீட்டினால் வாயைத் திறக்கிறதா?

மூன்றில் ஒன்று பிழைத்தாலும் போக வேண்டியதுதான். டெங்குக் காய்ச்சலின் காரணம் வேறு. ஆனாலும் அதிலும் காய்ச்சல் இறங்கும் நாட்களில் கை கால் குளிர்ந்து பிள்ளை சோர்ந்தால் ஆபத்து. ஆகவே "காய்ச்சல் விட்டும் பிள்ளை தெளியவில்லை" என்றால் எந்தக் காய்ச்சலானாலும் பொறுத்துப் பார்க்கக் கூடாது.

என்ன செய்ய வேண்டும்?

தோட்ட வைத்திய உதவியாளர் பக்கத்தில் இருந்தால் காட்டுங்கள். அவரைத் தேடி நேரம் போகுமென்றால் நேரே பெரிய வைத்தியசாலைக்குப் போங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் "சுவசெரிய" அம்புலன்ஸ் இலவசமாக வரும். தோட்டத்தின் பெயர், டிவிசன், பக்கத்திலுள்ள சந்தி அல்லது கோயில், இவற்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். லயத்துக்கு வண்டி ஏறாது என்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெரிய பாதைக்கு இறங்கி நில்லுங்கள். தோட்ட வாகனம் கேட்க வேண்டுமென்றால் தலைவரோடு போய், "பிள்ளைக்கு மூளைக் காய்ச்சல் அடையாளம் இருக்கு" என்று நேராகச் சொல்லிக் கேளுங்கள். அரைப் பேர் போய்விடுமே என்ற கவலை நமக்குப் புரியும். போன பேரை அடுத்த வாரம் எடுக்கலாம்.

போகும் வழியில் பிள்ளையை ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். வாந்தி வந்தாலும் புரையேறாது. வலிப்பு வந்தால் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், கைகால்களை இறுக்கிப் பிடிக்காதீர்கள்.

செய்யக் கூடாதவை:

வலிப்பு வரும்போது கையில் இரும்புச் சாவி கொடுப்பதாலோ, வாயில் கரண்டி வைப்பதாலோ பயனில்லை. பல் உடையும், மூச்சு அடைக்கும்.

மயங்கிய பிள்ளையின் வாயில் தண்ணி, கசாயம், பால் எதையும் ஊற்ற வேண்டாம். நுரையீரலுக்குள் போய்விடும்.

பிள்ளைக்கு அஸ்பிரின் கொடுக்க வேண்டாம். பனடோல் மருந்தைப் பிள்ளையின் நிறைக்கு ஏற்ற அளவில் மட்டும் கொடுக்கலாம்.

வேர்க்கிறது என்று ஐஸ் தண்ணியில் நனைப்பதும், கம்பளியால் இறுக்கிச் சுற்றி மூடுவதும் இரண்டும் பிழை.

ஆஸ்பத்திரியில் நடப்பதைப் புரிந்துகொள்வோம்

நம்மவர்கள் வழக்கமாக, "பிள்ளை சோந்திருக்கு, ஒரு சேலைன் போடுங்க டொக்டர்" என்று கேட்பார்கள். வயிற்றோட்டத்தில் சேலைன் உயிர் காக்கும். ஆனால் மூளைத்தண்டு பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு அளவுக்கு மீறிய சேலைன் நுரையீரலில் நீரை மேலும் கூட்டும். அதனால் வைத்தியர்கள் துளித் துளியாக அளந்துதான் கொடுப்பார்கள். "ஒண்ணும் செய்யாம வச்சிருக்காங்க" என்று கோபப்பட வேண்டாம்.

அடுத்தது முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பது. "முதுகில தண்ணி எடுத்தா பிள்ளை நொண்டியாயிரும்" என்ற பயம் நம்மிடையே பலமாக உண்டு. நீர் எடுக்கும் இடம் இடுப்புக்குப் பக்கத்தில், முள்ளந்தண்டு நரம்பு முடிவடைந்த பிறகு வரும் பகுதி. எந்தக் கிருமி என்று அறிய அந்த நீர் வேண்டும். மூளையில் அழுத்தம் கூடியிருக்கிறது என்று ஐயமிருந்தால் வைத்தியர்களே அதைத் தள்ளிப்போடுவார்கள். அவர்கள் கேட்டால் சம்மதியுங்கள்.

பற்றீரியாவால் வந்த நோய் என்றால் அதைக் கொல்லும் மருந்து உண்டு. எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறதோ அவ்வளவுக்குப் பிள்ளையின் மூளையும் காதும் பிழைக்கும். என்டெரோ வைரசு 71ஐக் கொல்லும் மருந்து இல்லை. மூச்சுக்கு இயந்திரம், இதயத்துக்குத் துணை மருந்து, சீனியும் இரத்த அழுத்தமும் இடைவிடாமல் பார்த்தல் என்று, பழுதான சாரதிக்குப் பதிலாகத் தீவிர சிகிச்சைப் பிரிவே வண்டியை ஓட்டுகிறது. மூளைத்தண்டு தேறும்வரை பிள்ளையைத் தாங்கிப் பிடிப்பதே வைத்தியம்.

வீடு திரும்பிய பிறகு

மூளைக் காய்ச்சலில் தப்பிய பிள்ளைகள் பலர் முழுமையாகத் தேறுகிறார்கள். சிலருக்குத் தன்னாட்சி நரம்புகள் ஒழுங்குக்கு வர வாரங்கள், மாதங்கள் ஆகும். தாய்வானில் மூச்சும் இதயமும் செயலிழந்த நிலைவரை போய்ப் பிழைத்த 28 பிள்ளைகளைப் பின்னாளில் பார்த்தபோது, 17 பேருக்குக் குழாய் மூலம் உணவு கொடுக்க வேண்டியிருந்தது, 16 பேருக்கு மூச்சு இயந்திரத்தின் உதவி தேவைப்பட்டது. உயிர் பிழைப்பது மட்டும் போதாது, நேரத்தோடு போவதும் வேண்டும் என்பதற்கு இதுவே சாட்சி.

வீட்டில் கவனிக்க வேண்டியவை: விழுங்கும்போது இருமல் வருகிறதா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா, சிறுநீர் போகாமல் அடிவயிறு வீங்குகிறதா, மலச்சிக்கல் விடாமல் இருக்கிறதா, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறதா என்று பாருங்கள்.

மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்ட சில பிள்ளைகளுக்கு இன்னொன்று வரும். ஒரு நாளில் பல தடவை திடீரென்று வேர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும், சூடு ஏறும், கை கால் விறைக்கும். கொஞ்ச நேரத்தில் அடங்கும். பரிவு நரம்புகள் கட்டுப்பாடின்றிக் கிளம்புவதால் வரும் நரம்புப் புயல் இது. வலிப்பு மாதிரியே இருக்கும், ஆனால் வலிப்பாக இல்லாமலும் இருக்கலாம். சத்தம், வலி, மலச்சிக்கல், திடீரென்று புரட்டிப் படுக்க வைத்தல் போன்றவை இதைத் தூண்டும். எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, அதற்கு முன் என்ன நடந்தது என்று ஒரு கொப்பியில் குறித்து கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். இதை அடக்க மருந்துகள் இருக்கின்றன. கொடுத்த மருந்தை நீங்களாகவே நிறுத்த வேண்டாம்.

வராமல் தடுப்போம்

தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. ஊசி, காசநோய்க் கிருமி பிள்ளையின் மூளைக்குப் போவதைத் தடுக்க உதவுகிறது. 2, 4, 6 மாதங்களில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியில், மூளையுறைக் காய்ச்சலை உண்டாக்கும் ஒரு பற்றீரியாவுக்கு எதிரான மருந்தும் இருக்கிறது. ஜப்பானிய மூளைக் காய்ச்சலுக்குத் தனி ஊசி உண்டு. நமது நாட்டில் அது 1988இல் தொடங்கப்பட்டது. தவறியிருந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். என்டெரோ வைரசு 71க்குச் சீனாவில் 2015இல் தடுப்பூசி அங்கீகரிக்கப்பட்டது. நமது நாட்டின் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் அது இல்லை. நமக்கு இருக்கும் தடுப்பு, சவர்க்காரம்.

இந்த வைரசு எச்சில், சளி, கொப்புள நீர், மலம் ஆகியவற்றால் பரவுகிறது. பிள்ளை சுகமான பிறகும் சில வாரங்களுக்கு மலத்தில் இருக்கும். ஆகவே மலம் கழுவிய பிறகும், சோறு ஊட்ட முன்பும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவது அவசியம். கையில் தடவும் மதுசார மருந்து இந்த வைரசுக்குச் சரியாக வேலை செய்யாது. ஓடும் தண்ணியும் சவர்க்காரமும்தான் நல்லது. பிள்ளை பராமரிப்பு நிலையத்தில் ஒரு கோப்பையில் பல பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். விளையாட்டுச் சாமான்களைக் குளோரின் கலந்த நீரால் துடையுங்கள். காய்ச்சலும் கொப்புளமும் உள்ள பிள்ளையைச் சுகமாகும்வரை வீட்டில் வைத்திருங்கள்.

நாய் கடித்தால், கீறினால், கடிபட்ட இடத்தைச் சவர்க்காரமும் ஓடும் தண்ணியும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசர்நாய் நோயும் மூளையைத் தாக்கி, தன்னாட்சி நரம்புகளைக் குலைத்து, எச்சில் வடியவும் மூச்சுத் தசை இறுகவும் செய்கிறது. அடையாளம் தொடங்கிய பிறகு பிழைப்பது மிக மிக அரிது. ஆனால் நேரத்தோடு ஊசி போட்டால் தடுத்துவிடலாம்.

பாடத்தைச் சரி பார்ப்போம்

1. காய்ச்சல் பிள்ளைக்கு வேர்க்கிறது, கை சூடாக இருக்கிறது, தண்ணி கேட்கிறது. இது எந்த வேர்வை?

2. கை, கால், வாய் நோய் வந்து மூன்றாம் நாள். பிள்ளை கண் அயரும் ஒவ்வொரு தடவையும் உதறி எழும்புகிறது. இரண்டு தரம் வாந்தி எடுத்துவிட்டது. நேரம் இரவு 9 மணி. விடியும்வரை பொறுக்கலாமா?

3. நகத்தை அமுக்கி விட்டால் எத்தனை செக்கனுக்குள் சிவக்க வேண்டும்?

4. மயங்கிய பிள்ளைக்கு வாயில் கசாயம் ஊற்றலாமா?

விடைகள்: 1. நல்ல வேர்வை. 2. பொறுக்கக் கூடாது, இப்போதே 1990க்கு அழைக்க வேண்டும். 3. 3 செக்கனுக்குள். 4. கூடாது.

இந்தப் பக்கத்தை வெட்டி எடுத்து லயத்தில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டி வையுங்கள். வாசிக்கத் தெரியாத பாட்டிமார்தான் பல வீடுகளில் பகல் முழுக்கப் பிள்ளையோடு இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள். நகச் சோதனையை அவர்கள் கையைப் பிடித்தே செய்து காட்டுங்கள்.